சட்டையின் முதுகு

படத்தில் ஒரு பெண் பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் நிற்கிறாள். காலை ஏழு மணி வெயில். அவள் போட்டிருப்பது மயில்நீல நிறத்தில், பனியன் துணியில் தைத்த நீளமான டாப். தோளில் பொருந்தி, இடுப்பில் அளவாக ஒட்டி, முழங்காலுக்குக் கீழே ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இறங்குகிறது. அவளுடைய முதுகு படத்தில் இல்லை. அங்கே கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரை ஒன்பது கறுப்பு க்ளிப்புகள் துணியைக் கவ்விக்கொண்டிருந்தன. போட்டவள் நான்.

நான்கு வருடமாக இதுதான் என் வேலை. கோவையில் ஒரு ஸ்டைலிஸ்ட் அக்காவிடம் உதவியாளராக இருக்கிறேன். ஒருநாள் தனியாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையில் மற்ற நாட்களின் களைப்பெல்லாம் கரைந்துவிடும். விடிவதற்கு முன்பே போய் ஸ்டீமரில் தண்ணீர் ஊற்றுவேன். கடையிலிருந்து இரவல் வாங்கிய செருப்பின் அடியில் டேப் ஒட்டுவேன். மண் பட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விலைச் சீட்டை வெட்டாமல் உள்ளே மடித்துவிடுவேன். கழுத்துப் பட்டியில் வியர்வையும் பவுடரும் ஏறாமல் டிஷ்யூ வைப்பேன். கேட்லாக் ஷூட் என்றால் ஒரே நாளில் நாற்பது பீஸ்கூட ஓடும். மாடல் ஒன்றைக் கழற்றும்போது அடுத்தது சூடாகக் கையில் இருக்க வேண்டும். பையில் ஊக்கு, நூல், ஊசி, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், பிசிறு உருட்டி எடுக்கும் ரோலர், எல்லாவற்றுக்கும் மேல் க்ளிப். க்ளிப் இல்லாமல் நாங்கள் வீட்டை விட்டு இறங்குவதில்லை.

என் அம்மாவும் துணியில்தான் வேலை செய்கிறாள். இதில் வியப்பில்லை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்த நாளிலிருந்து கோவையைச் சுற்றி யாராவது ஒருவர் நூலிலோ துணியிலோ இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தாத்தா மில்லில் இருந்தார். அம்மா கல்யாணமாகித் திருப்பூர் பதினைந்து வேலம்பாளையத்துக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தாள். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்குகிற வேலை. பிறகு செக்கிங்குக்கு மாறினாள். இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங்.

அந்த வேலையைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் அழகு தெரியும். பீஸ் மேசைக்கு வந்ததும் அம்மா முதலில் அதை உள்வெளியாகத் திருப்புவாள். தையல் விட்டிருக்கிறதா, ஊசி ஏறிய ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை உண்டா, இரண்டு கையும் ஒரே நிறத்தில் இருக்கிறதா என்று கண் போகும் முன்னால் விரல் போய்விடும். குறை தென்பட்ட இடத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைப்பாள். ஏற்றுமதிச் சரக்கு என்றால் கடைசியில் பையர் தரப்பு ஆட்கள் வந்து மறுபடி பார்ப்பார்கள். 3,000 பீஸ் இருந்தால் அதிலிருந்து 125 உருவுவது வழக்கமான கணக்கு. ஏழு பீஸில் பெரிய குறை இருந்தால் சரக்கு போகும். எட்டாவதாக ஒன்று அகப்பட்டால் மொத்தமும் நின்றுவிடும். அந்த எட்டாவது பீஸ் தன் மேசையைத் தாண்டிப் போனதாக இருக்கக் கூடாது என்பதுதான் அம்மாவுக்கு இத்தனை வருடமாக இருக்கும் ஒரே வைராக்கியம்.

தென்னந்தோப்புப் படத்தை அவளிடம் காட்டினேன். வலைக்கடையில் பெரிதாக வந்திருந்தது. அந்த மாடலுக்கு எவ்வளவு அழகான முகம் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அம்மா முகத்தைப் பார்க்கவே இல்லை. விரலால் படத்தைப் பெரிதாக்கி, கீழ்மடிப்புக்குப் போனாள். அங்கிருந்து பக்கத் தையலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

"பின்னால இழுத்துக் கட்டியிருக்கறயா கண்ணு?"

எப்படித் தெரிந்தது என்றேன்.

"தையல் நேரா நிக்குது பாரு. இந்தத் துணி நேரா நிக்காது. முறுக்கற துணி இது. ஒரு தண்ணி பட்டுதுன்னா பக்கத் தையல் வயித்துக்கு வந்துரும்."

பனியன் துணியைப் பற்றித் தெரிந்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். நூலுக்குள்ளேயே ஒரு முறுக்கு இருக்கிறது. ஒற்றை ஜெர்சியாக அதைப் பின்னும்போது கண்ணிகள் ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும். துணியை அவசரமாக இழுத்து, ஆற விடாமல் வெட்டித் தைத்தால், முதல் சலவையில் அந்தச் சாய்வு வெளியே வரும். பக்கவாட்டில் இருக்க வேண்டிய தையல் முன்னால் சுற்றிக்கொள்ளும். அந்தச் சாம்பிள் ஏற்கெனவே ஒரு முறை நனைந்திருந்தது. உடுத்தியதும் தையல் கோணலாக ஓடியதை நானும் பார்த்தேன். பார்த்ததும் கை தானாகப் பின்னால் போயிற்று. ஒன்பது க்ளிப்பில் ஆறு, மாடல் ஒல்லி என்பதற்காகப் போட்டவை. மூன்று, அந்தக் கோணலை மறைக்க.

அம்மா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. போனைக் கொடுத்துவிட்டுச் சோறு வைக்கப் போனாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. இவள் இருபத்திரண்டு வருடமாகக் குறையைத் தேடிக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டிச் சம்பளம் வாங்குகிறாள். அதே சம்பளத்தில் படித்த நான், குறையைக் கண்டுபிடித்து மறைத்துச் சம்பளம் வாங்குகிறேன். ஒரே கண்தான். அவளிடமிருந்து எனக்கு வந்த கண்.

அலங்காரம் எல்லாமே பொய்தானே என்று ஒரு சமாதானம் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. மருதமலையில் ராஜ அலங்காரத்தில் முருகனைப் பார்த்துவிட்டு யாரும் ஏமாந்து வருவதில்லை. திரை போட்டு அலங்கரித்தார்கள் என்பது தெரிந்துதான் திரை விலகும்வரை கைகூப்பிக் காத்திருக்கிறோம். கல்யாணத்தில் பெண்ணுக்குச் சேலை கட்டிவிடுகிறவர் இருபது ஊக்கு குத்தியிருப்பார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அது தெரியும். சினிமாவில் புதுத் துணியைக் கல்லில் தேய்த்து, தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழசாக்குவார்கள். அது பொய்யின் வழியாக ஓர் உண்மைக்குப் போகிற வேலை. என் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் பானு அத்தையாவின் படம் ஒட்டியிருக்கிறது. பத்திரிகைக்கு ஆடை ஓவியம் வரைந்துகொண்டிருந்தவர், 'காந்தி' படத்துக்காக 1983-ல் ஜான் மோல்லோவுடன் சேர்ந்து ஆஸ்கர் வாங்கினார். இந்தியருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர். 2012-ல் அந்தச் சிலையைப் பத்திரமாக வைத்திருக்கும்படி அகாடமியிடமே திருப்பிக் கொடுத்தார். பெரும் கூட்டத்தை அந்தக் காலத்துக்குத் தகுந்தபடி உடுத்தவைத்த அந்த வேலையை ஏமாற்று என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியானால் என் மூன்று க்ளிப் மட்டும் ஏன் உறுத்துகிறது?

ஒப்பணக்கார வீதியில் நடக்கும்போது விடை கொஞ்சம் பிடிபட்டது. அந்தத் தெருவின் பெயர்க் காரணம் வேறு என்பார்கள். என் காதில் மட்டும் அது எப்போதும் ஒப்பனைக்கார வீதி என்றே விழும். ஜவுளிக் கடை வாசல்களில் பொம்மைகளுக்குச் சுடிதார் மாட்டி நிறுத்தியிருக்கிறார்கள். முன்னால் நின்று பார்த்தால் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். இரண்டு எட்டு வைத்துப் பின்னால் போனால் முதுகெல்லாம் ஊக்கு. குழந்தைகள்கூட அந்த ஊக்கைத் தொட்டுப் பார்க்கும். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, சுற்றிவந்து பார்க்க வழி இருக்கிறது. உள்ளே போனால் வயதான அம்மாக்கள் சேலையை விரித்ததும் முந்தானையைப் புரட்டி அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். ஓடும் நூல் எப்படி விடப்பட்டிருக்கிறது, எங்கே அறுந்திருக்கிறது என்பதெல்லாம் அடிப்பக்கத்தில் எழுதியிருக்கும். எங்கள் ஆத்தா கடைசிவரை பின்கொசுவம் வைத்துத்தான் சேலை கட்டினாள். கொசுவத்தின் அழகு முழுவதும் முதுகுப் பக்கம் விசிறியாக விரிந்திருக்கும். அவள் முன்னால் நடந்தால் பின்னால் வருகிறவர்களுக்குத்தான் அது தெரியும்.

படத்துக்கு முதுகு கிடையாது. அதுதான் விஷயம். ஏதோ ஓர் ஊரில் உட்கார்ந்து அந்த மயில்நீல டாப்பைப் போனில் பார்க்கிற பெண்ணால் இரண்டு எட்டு வைத்துப் பின்னால் போக முடியாது. முந்தானையைப் புரட்ட முடியாது. அவளுக்காக முதுகுப் பக்கம் போய் நின்றவள் நான் ஒருத்திதான். அங்கே கண்டதை நான் அவளிடம் சொல்லவில்லை.

பிரான்ஸில் 2017 அக்டோபர் முதல், விளம்பரப் படத்தில் மாடலின் உடல்வாகைக் கணினியில் மாற்றியிருந்தால் அதைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும். நார்வேயிலும் 2022 ஜூலையில் இப்படியொரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் நல்ல சட்டங்கள். ஒல்லியான இடுப்பைப் பார்த்துப் பட்டினி கிடக்கிற பிள்ளைகளை நினைத்து எழுதப்பட்டவை. ஆனால் அவை படம் எடுத்த பிறகு நடப்பதைத்தான் பிடிக்கின்றன. க்ளிப் படத்துக்கு முன்பே நடந்துவிடுகிறது. எந்தச் சட்டமும் என் கை போன இடத்துக்கு வரவில்லை. ஆகவே அந்த இடத்தில் நான்தான் எதையாவது முடிவு செய்தாக வேண்டும்.

ஸ்டைலிஸ்ட் அக்காவிடம் பேசினேன். நல்ல மனுஷி, வேலை கற்றுத் தந்தவர். அவர் சொன்னது இதுதான்: நமக்குக் கொடுப்பது ஒரு சாம்பிள். அது யாருடைய உடம்புக்கும் தைத்ததல்ல. சரியான அளவுள்ள ஒருத்திமேல் அந்தத் துணி எப்படி விழுமோ அதைக் காட்டத்தான் க்ளிப். துணியின் தரத்துக்கு நாம் பொறுப்பில்லை. முதல் பாதியை முழு மனதோடு ஏற்கிறேன். அளவுக்குப் போட்ட ஆறு க்ளிப்பைப் பற்றி எனக்கு வெட்கமில்லை. அவை துணி சொல்ல வந்ததைச் சொல்ல உதவியவை. மற்ற மூன்றும் துணியின் வாயைப் பொத்தியவை. இரண்டும் ஒரே க்ளிப், ஒரே கை, ஒரே நிமிடம். வெளியிலிருந்து பார்க்கிற ஒருவரால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

பொறுப்பு எங்கே முடிகிறது என்பதையும் என்னால் எளிதாகச் சொல்ல முடியவில்லை. அம்மா பிறந்த ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். விவசாயத்துக்காக நொய்யலில் கட்டிய அந்த அணையில் 1990-களில் சாயக் கழிவு வந்து தேங்கியது. மாமாவின் கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பியதை நானே பார்த்திருக்கிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிற்று. கழிவை ஒரு சொட்டும் ஆற்றில் விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற கட்டாயத்தில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த மூடலில் அம்மாவுக்கும் பல வாரம் வேலையில்லை. ஆறும் வேண்டும், வேலையும் வேண்டும் என்று ஒரே வீட்டுக்குள் இரண்டு பக்கமும் அழுதோம். இப்போது தென்னந்தோப்பில் நின்றுகொண்டு, 'இந்த நீலம் பச்சைக்கு எடுப்பாக இருக்கும்' என்று நான் சொல்கிறேன். நிறத்துக்கும் ஒரு முதுகு இருக்கிறது. அதை என் பையில் இருக்கும் எதனாலும் திருப்பிக் காட்ட முடியாது. என் கைக்கு எட்டுவது அந்த மூன்று க்ளிப்தான்.

எட்டுகிறதைச் செய்யத் தொடங்கினேன். ஷூட்டுக்கு முன்னால் ஒரு பீஸை வாங்கிவந்து வீட்டில் துவைத்துக் காயப்போடுகிறேன். முறுக்கினால் எடுத்துச் சொல்கிறேன். மாடலின் அளவைச் சொல்லி அதற்கேற்ற சாம்பிளைக் கேட்கிறேன். பெரும்பாலும் கிடைப்பதில்லை, கேட்பதை நிறுத்தவும் இல்லை. ஒரு நிறுவனத்தில் துவைத்த பீஸையே எடுத்துப் போய்க் காட்டினேன். அங்கிருந்தவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. அதற்கு அடுத்த சீசனில் எங்களுக்கு அழைப்பு வரவில்லை. அக்கா என்னைத் திட்டவில்லை என்றாலும் அந்த மாதம் அவர் வாடகைக்குத் தடுமாறியதை நான் பார்த்தேன். என் மனச்சாட்சிக்கான செலவில் பாதியை அவர் தலையில் வைத்துவிட்டேனோ என்று இன்றும் சங்கடமாக இருக்கிறது. இன்னொரு கம்பெனியில் மாஸ்டர் அதே மாதிரி பீஸை வாங்கி மேசையில் பரப்பி, தையலைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "எங்க துவைச்சீங்க?" என்று கேட்டார். வீட்டில் என்றேன். அந்தத் துணியை வெட்டுவதற்கு முன் கூடுதலாக ஒரு நாள் ஆறப் போடச் சொன்னார். இரண்டும் நடந்தன. எது அதிகம் நடக்கும் என்று எனக்குக் கணக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன தை மாதம் காங்கயம் பக்கம் ஒரு கல்யாணம். அம்மாவுக்கு நான்தான் சேலை கட்டிவிட்டேன். அவள் இளைத்திருந்தாள், பழைய ரவிக்கை முதுகில் தொளதொளவென்று நின்றது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்ற அவசரத்தில், பையிலிருந்து ஒரு க்ளிப் எடுத்துப் பின்னால் போட்டு, முந்தானையால் மூடினேன். கண்ணாடியில் நன்றாகவே இருந்தது.

அம்மா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள்.

"எடுத்துரு சாமி. நான் என்ன படத்துலயா நிக்கப் போறேன்? பந்தியில நடக்கோணும், நாலு பக்கமும் சனம் இருக்கும்."

ரவிக்கையைக் கழற்றச் சொல்லி வாங்கி, இரண்டு பக்கத் தையலையும் பிரித்தேன். அரை அங்குலம் உள்ளே பிடித்துக் கையாலேயே தைத்தேன். எட்டு மணி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. தைத்து முடித்துக் கொடுத்ததும் அம்மா வழக்கம்போல அதை உள்வெளியாகத் திருப்பினாள். ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். தையலை மேலிருந்து கீழே ஒரு தடவை விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டு, நுனியில் நீட்டிக்கொண்டிருந்த பிசிறை வெட்டக் கத்திரி கேட்டாள்.