கவிழ்த்து வைத்த மங்குகள்

கடந்த ஆண்டு ஈப்போ பழைய நகரில் ஒரு கடைவீட்டை உணவகமும் பாருமாக மாற்றித் தரும் வேலை எனக்குக் கிடைத்தது. உள்ளலங்காரம் என் தொழில். முதலாளி சீனர், என் வயதுக்காரர், நல்ல மனிதர். “ஏசியன் ஃபீல் வேணும். ஆனா பினாங்கு மாதிரி இருக்கக்கூடாது, பேராக்னு தெரியணும்” என்கிற பொருளில் மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். கைப்பேசியில் சேர்த்து வைத்திருந்த படங்களைக் காட்டினார். சிவப்புக் காகித விளக்கு, பிரம்பு நாற்காலி, பூப்போட்ட தரைக்கல், ஈயம் அலசும் மரத்தட்டு. கடைசிப் படத்தில் பார் மேசைக்கு மேலே நாற்பது விளக்குகள் தொங்கின. ஒவ்வொன்றும் ஒரு பால் மங்கு.

ஆசியாவிலேயே உட்கார்ந்துகொண்டு ‘ஆசிய உணர்வு’ கேட்பதைக் கேலி செய்யும் தகுதி எனக்கு இல்லை. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தால் வளர்ந்த ஊர் இது. 1985இல் ஈய விலை விழுந்ததும் அடங்கிப்போனது. பிறகு வெள்ளைக் காப்பி, பங்லிமா சந்து, 2014இல் சுவர்களில் வந்த ஓவியங்கள் என்று பழையதைக் காட்டிப் பிழைக்கக் கற்றுக்கொண்டது. அந்தப் பிழைப்பில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் மங்கு உறுத்தியது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் என் அம்மா பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, மங்கு துடைத்து, பாலைக் காண்டா போட்டுச் சுமந்தவர். அவர் கையிலிருந்த பொருளின் கீழே யாரோ பியர் குடிப்பதா?

கோபம் வந்த அன்று இரவே ஒரு கேள்வியும் வந்தது. ஈயத்தட்டுப் படம் ஏன் என்னை உறுத்தவில்லை? அந்தத் தட்டோடு நாளெல்லாம் தண்ணீரில் நின்றவர்களில் பெரும்பாலோர் சீனப் பெண்கள். அவர்கள் இடுப்பும்தான் வலித்திருக்கும். அது சுவரில் அழகாக இருக்கும் என்று குறித்துவைத்தவன் நான்தான். அப்படியானால் என் அறச்சீற்றம் வலிக்காக எழவில்லை, என்னுடைய வலி என்பதற்காக எழுந்தது. அதை அறம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

இன்னொன்று. மங்கு புனிதம் என்றால் நாங்கள் அதை என்ன செய்தோம்? தோட்டத்தை விட்டு வெளியேறியபோது வாளியையும் உளியையும் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டு வந்தோம். எங்கள் வீட்டில் ஒரு மங்குகூடக் கிடையாது. 1877இல் கோலகங்சாருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது, அதற்கு வேலியும் பலகையும் உண்டு. அந்த மரத்தின் வழிவந்த காடுகளில் வெட்டியவர்களின் பொருளை நாங்களே வைத்துக்கொள்ளவில்லை. ஆக, ‘காட்டாதே’ என்று சொல்வதும் சரியில்லை. காட்டாமல் விட்டால் மறந்துதான் போகும்.

பிறகு எது தவறு? விடை வரைபடத்தில் இருந்தது. மங்கு விளக்குகளுக்குக் கீழே துரைமார் பங்களாவில் கிடந்ததுபோல நீண்ட கைப்பிடி வைத்த சாய்வு நாற்காலிகள் போட்டிருந்தேன். கால்களைக் கைப்பிடிமேல் நீட்டிக்கொள்ளலாம். உள்ளே வரும் எவரும், தமிழர் உட்பட, துரையின் இடத்தில் உட்காருவார். தலைக்கு மேலே கூலியின் பொருள் வெளிச்சம் தரும். நாற்காலி தனியாக ஒன்றும் செய்யாது, மங்கும் செய்யாது. இரண்டும் ஒரே அறையில் சேரும்போது, நீ யாராக உட்கார வேண்டும் என்பதை அறை சொல்லிவிடுகிறது. உள்ளலங்காரம் என்பது அதுதான். வருகிறவருக்கு ஒரு வேடம் கொடுப்பது.

தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த பாடம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களின் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கச் சொல்லாதே என்றும் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். தோட்டத்துக்குள்ளேயே நடந்த கடை அது. பகலில் வாங்கிய கூலியில் ஒரு பங்கு மாலையில் அங்கேயே போய்ச் சேரும். என் தாத்தாவின் கூலி அப்படிப் போனது. இப்போது அவர் பேரன் தோட்டத்தின் பெயரால் ஒரு குடிக்கடையை அழகுபடுத்துகிறான்.

அந்த வாரம் பத்து காஜா போனேன். 1915இல் வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் இறந்துபோனதால் பாதியில் நின்ற மாளிகை அங்கே இருக்கிறது. கூட்டம் அங்கேதான். நான் பார்க்கப் போனது பக்கத்து மாரியம்மன் கோயிலை. அதன் கூரையில் சாமிகளுக்கு நடுவே வெள்ளை உடையும் தொப்பியுமாக ஓர் உருவம் நிற்கிறது. அது ஸ்மித் துரைதான் என்கிறார்கள். துரையை அலங்காரப் பொம்மையாக்கி, அம்மனுக்குக் கீழ்ப்பட்டவர் வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். நன்றியா, நையாண்டியா தெரியாது. ஆனால் அவரை எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்தது அவர்கள்.

திரும்பி வந்து சாய்வு நாற்காலிகளை எடுத்துவிட்டேன். கோப்பிக்கடைகளில் இருப்பதுபோல முதுகு நிமிர்ந்த மர நாற்காலி, பளிங்கு மேசை. முதலாளி ஒத்துக்கொண்டார். மங்குகளை மட்டும் விடமாட்டேன் என்றார், நாற்பதும் தொங்குகின்றன. வேலையை உதறியிருக்கலாம். உதறவில்லை. வீட்டுக் கடன் இருந்தது என்பது காரணம், நியாயம் ஆகாது.

திறந்த பிறகு ஒரு பகலில் அம்மாவை அழைத்துப் போனேன். அண்ணாந்து பார்த்தார்.

“என்னாடா, மங்கையெல்லாம் கவுத்து வச்சிருக்கான்?”

“நிமித்தி வச்சா வெளிச்சம் கூரைக்குப் போயிரும்மா.”

“மழை பேஞ்சாதான் கவுத்து வைப்போம். அன்னிக்கு வெட்டு கெடையாது. சம்பளமும் கெடையாது.” தேநீரை ஆற்றிக் குடித்தார். பிறகு கேட்டார்: “ஒனக்குச் சம்பளம் குடுத்துட்டாங்களா?”

“குடுத்துட்டாங்க.”

“அப்பச் சரி” என்றார்.

எனக்குத்தான் சரியாகவில்லை.