மிகை முடுக்கமும் குற்றமே

தளர்வாக முடுக்குதல் குற்றமென யாவரும் ஒப்புவர். மிகையாக முடுக்குதலைச் சிரத்தையென்றே பலர் கருதுகின்றனர். மோட்டார்ப் பட்டறையில் உண்மை விளங்கும். 1964-இல் பம்பாய் குர்லாவில் உருவாகத் தொடங்கிய பியட் 1100 டிலைட் வண்டிகளைப் புனேயில் இன்றும் சிலர் பேணுகின்றனர். அதன் எஞ்சின் அடிப்பாகம் வார்ப்பிரும்பு. சிலிண்டர் ஹெட்டோ மெதுவான அலுமினியம். ஆகவே நடுவில் தொடங்கி, எதிரெதிராக வெளிநோக்கி, பல சுற்றுகளில், டார்க் ரெஞ்சு காட்டும் அளவுக்கே முடுக்கவேண்டும். ஒருபுறத்தை முதலிலேயே முற்ற இறுக்கினால் ஹெட் கோணும். கேஸ்கெட் வழியே நீர் கசியும். "இன்னும் அரைச்சுற்று இருக்கட்டும்" என்று ஸ்பானரில் குழாய் மாட்டி இழுப்பவனின் எண்ணம் நல்லதே. ஆனால் போல்ட்டு நீளும், மரை பிய்யும். கண்டாலா ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து, குழந்தைகளோடு வெயிலில் நிற்போர்க்கு அந்நல்லெண்ணத்தால் யாது பயன்? அளவு கையேட்டிலேயே அச்சிட்டிருக்க, அதைப் புரட்டாது தோள்வலியை நம்பியவன் "அறியாமற் செய்தேன்" என்பதை நான் ஒப்பேன்.