மண்ணுக்கு இட்ட ஆணை

நிலவுக்குப் போய் வந்த மனிதனால் ஒரு சிறு புழுவையேனும் உண்டாக்க முடிந்ததா? தியானப் பிரசங்கங்களில் நாம் பலமுறை கேட்டிருக்கும் வினா இது. கேட்போர் தலையசைப்பர், அறிவியல் தோற்றது, கடவுள் வென்றார் என்றதொரு நிறைவு கோவிலில் பரவும். பக்தியுள்ள வாதமாகத் தோன்றினும், இது விசுவாசத்தை மணல்மேல் கட்டுவதாகும் என்றே நாம் கருதுகிறோம்.

பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். தொடக்கத்தில் அது பெரும்பாலும் உருகிய பாறைக்குழம்பு; உயிருக்கு அங்கே இடமில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் சிர்க்கான் என்னும் மணற்பருக்கை போன்ற படிகங்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் மிகப் பழையது 440 கோடி ஆண்டு வயதினது. அவற்றில் பொதிந்துள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதத்தை ஆய்ந்தவர்கள், அத்துணை முற்காலத்திலேயே பூமியில் நீர் இருந்திருக்க வேண்டும் என்று 2001-இல் எழுதினர். அதே மாநிலத்தில், பில்பரா என்னும் வறண்ட நிலப்பரப்பில், 348 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறைகளில் அலையலையான அடுக்குகள் காணப்படுகின்றன. நுண்ணுயிர்கள் பாய்போலப் படர்ந்து, வண்டலைப் பிடித்துவைத்து, அடுக்கின்மேல் அடுக்காக எழுப்பிய கட்டடங்கள் அவை என அறிஞர் கொள்கின்றனர். ஷார்க் விரிகுடாவில் இத்தகைய திட்டுகள் இன்றும் உயிரோடு வளர்கின்றன.

ஆக, முதல் நீருக்கும் இப்பாறைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் எங்கோ ஓரிடத்தில் உயிர் அரும்பிற்று. அக்காலப் பாறைகளுள் பெரும்பாலானவை பூமியின் உள்ளே புதைந்து உருகி மறைந்துவிட்டமையால், பூமியின் ஏட்டில் அந்தப் பக்கம் மட்டும் கிழிந்துபோயிருக்கிறது. அந்தக் கிழிசலில்தான் நம் பிரசங்கியார் கடவுளைக் குடியமர்த்துகிறார்.

நம் முன்னோர்க்கோ அப்படியோர் இடம் தேவைப்படவே இல்லை. அழுகிய இறைச்சியிலிருந்து புழுவும் சேற்றிலிருந்து சிற்றுயிர்களும் தாமாகவே தோன்றும் என்று அரிஸ்டாட்டில் காலந்தொட்டு அறிஞர் நம்பி வந்தனர். புனித அக்குவினா தோமையாரும் அதை ஏற்றார். வான்கோள்களின் ஆற்றலால் அது நிகழ்வதாக விளக்கினார். அதனால் படைத்தவரின் மாட்சி குறைந்துவிட்டதாக அவர் கலங்கவில்லை. இறைவன் படைப்புகளின் வழியாகச் செயல்படுவது ஆற்றல் குறைவால் அன்று, காரணமாயிருக்கும் மேன்மையைப் படைப்புகளுக்கும் பகிர்ந்தளிக்கும் நன்மைப் பெருக்கால் என்பது அவர் கொள்கை. அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட புனித அகுஸ்தீனார், பின்னர் தோன்றவிருந்த உயிர்கள் உலகின் தொடக்கத்திலேயே அதனுள் வித்துகளாய் மறைந்திருந்தன என்று எழுதினார். தொடக்கநூலின் முதல் அதிகாரத்தைக் கூர்ந்து நோக்கின், உயிரினங்களைத் தருமாறு இறைவன் நிலத்துக்கும் நீருக்குமே ஆணையிடுவதைக் காண்கிறோம். (இதனால் விவிலியத்தில் வேதியியல் அடங்கியுள்ளது என்று சாதிக்கப் புறப்படுவோரும் உளர். அதுவும் வேண்டாத வேலையே.)

அப்பழைய நம்பிக்கை தகர்ந்த வரலாறு சுவையானது. 1668-இல் இத்தாலியரான ரெடி, மெல்லிய துணியால் மூடிய சாடியிலுள்ள இறைச்சியில் புழு தோன்றாததைக் காட்டினார். நுண்ணுயிர்களைப் பற்றிய வழக்கு மட்டும் எஞ்சி நின்றது. காய்ச்சி அடைத்துவைத்த இறைச்சிச் சாற்றிலும் அவை பெருகக் கண்ட நீடம் என்ற ஆங்கிலேயர், உயிரற்றதிலிருந்து உயிர் எழும் என்று 1748-இல் அறிவித்தார். இத்தாலியரான ஸ்பல்லன்சானி, குடுவையின் வாயை உருக்கி மூடி நெடுநேரம் கொதிக்கவைத்துச் சோதித்து, அவ்வாறு எழாது என 1765-இல் மறுத்தார். இவ்விருவரும் கத்தோலிக்கக் குருக்கள்! கடவுள் மறுப்பாளர் சிலர் நீடத்தின் முடிவைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டனர். வோல்தேர் அவரை எள்ளி நகையாடினார். நீடமோ குருவாகவே வாழ்ந்து இறந்தார். இறுதியில் லூயி பாஸ்டர், அன்னத்தின் கழுத்தைப்போல் வளைந்த குடுவைகளைக் கொண்டு 1862 அளவில் வழக்கை முடித்துவைத்தார்.

பாஸ்டர் காட்டியது, காய்ச்சிய சாற்றில் நம் கண்முன் உயிர் முளைப்பதில்லை என்பதையே. கடல்களும் எரிமலைகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளும் கொண்ட ஆதிபூமியைப் பற்றி அவர் குடுவை எதுவும் சொல்லவில்லை. 1953-இல் மில்லர் என்ற இளம் ஆய்வாளர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றின் கலவையில் மின்பொறியைப் பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். ஆதிக்காற்று அக்கலவையை ஒத்ததன்று எனப் பின்னர் பலர் கருதினர். எனினும் 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்னுமிடத்தில் விழுந்த விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் இருந்தன. உயிரற்ற பொருள்களிலிருந்து உயிரணு ஒன்றை இன்றுவரை எவரும் உருவாக்கவில்லை. நாளை உருவாக்கலாம்.

நம் பிள்ளைகள் மில்லரின் சோதனையை மேல்நிலை வகுப்பு உயிரியல் நூலிலேயே படிக்கின்றனர். மனிதனால் புழுவை ஆக்க முடியாது, ஆகவே கடவுள் உண்டு என்று மறைக்கல்வி வகுப்பில் கற்ற பிள்ளை, ஆய்வுக்கூடத்தில் உயிரணு உருவான செய்தியை ஒருநாள் நாளிதழில் படித்தால் எம்முடிவுக்கு வரும்? நாம் கற்பித்த தருக்கத்தின்படியே, ஆகவே கடவுள் இல்லை என்ற முடிவுக்கு. வானையும் மண்ணையும் பற்றிக் கிறிஸ்தவர்கள் அறியாமையோடு பேசி, அதனால் மறைநூலே நகைப்புக்கு இடமாவதை அகுஸ்தீனார் அக்காலத்திலேயே கண்டித்தார். மனித உடலின் தோற்றத்தைப் பற்றிய ஆய்வுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் இடமளித்தார்; ஆன்மா இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுவது என்பதை மட்டும் உறுதியாக நிறுத்தினார். உடல் மண்ணிலிருந்து வந்தது என்பது திருநீற்றுப் புதனன்று சாம்பல் பூசிக்கொள்ளும் நமக்குப் புதுச் செய்தியும் அன்று.

படைத்தல் என்பது, என்றோ ஒருநாள் இயற்கையின் வேலையில் குறுக்கிட்டு ஓர் இடைவெளியை நிரப்பிய செயல் அன்று. உலகிற்குத் தொடக்கம் உண்டு என்பதைப் பகுத்தறிவால் மட்டும் எண்பிக்க இயலாது என்றார் தோமையார். தொடக்கமே இல்லாத உலகாயினும் அது படைக்கப்பட்டதாகவே இருக்கும், ஏனெனில் இருத்தலை அது ஒவ்வொரு கணமும் இறைவனிடமிருந்தே பெறுகிறது என்பது அவர் கருத்து. 348 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரோரத்தில் படர்ந்த நுண்ணுயிர்ப் பாய்க்கும், இன்று காலை திருப்பலிக்கு மணியடித்தபோது நம் கோவில் மதிலில் ஈரத்தோடு ஒட்டியிருந்த பாசிக்கும் இவ்வகையில் வேறுபாடில்லை.