ஜுமுஆ உரை: பசித்தவருக்கு உணவு – கொடுப்பதும் தூண்டுவதும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பிற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! தக்வாவைக் கொண்டு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்துகொள்கிறேன்.

நாம் தொழுகையில் அடிக்கடி ஓதும் சூரா அல்மாஊன் ஏழே வசனங்கள் கொண்டது. மார்க்கத்தைப் பொய்யாக்குகிறவன் யார் என்று அது அடையாளம் காட்டுகிறது. அநாதையை விரட்டுகிறவன் என்கிறது. அடுத்து, ஏழைக்கு உணவு கொடுக்காதவன் என்று வரும் என நாம் எதிர்பார்ப்போம். ஆனால் உணவளிக்கும்படி தூண்டாதவன் என்றுதான் வருகிறது. அல்ஹாக்கா, அல்ஃபஜ்ர் சூராக்களிலும் இதே குற்றச்சாட்டைக் காண்கிறோம்.

சிந்தித்துப் பாருங்கள். கொடுப்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். தூண்டுவதற்குக் காசு தேவையில்லை. ஆகவே "என்னிடம் ஒன்றுமில்லை" என்று யாரும் தப்பிக்க முடியாது. ஆனால் தூண்டுகிறவனுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: இந்த மனிதர் ஏன் பசித்திருக்கிறார்?

உமர் (ரலி) அவர்களின் வரலாற்றில் பதிவாகியுள்ள ஒரு சம்பவம். மதீனாவுக்கு வணிகக் கூட்டம் ஒன்று வந்து தங்கியது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோடு கலீஃபா இரவுக் காவலுக்குச் சென்றார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்கச் சொன்னார்கள். மீண்டும் அழுகை, மீண்டும் சென்றார்கள். கடைசியில் அந்தத் தாய், பேசுவது யாரிடம் என்று தெரியாமலே, காரணத்தைச் சொன்னாள்: பால்குடி மறந்த பிள்ளைக்குத்தான் உமர் உதவித்தொகை கொடுக்கிறார், அதனால் இவனுக்குப் பாலை நிறுத்தப் பார்க்கிறேன்.

அன்று ஃபஜ்ர் தொழுகையில் உமர் (ரலி) அழுத அழுகையில், ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும் சட்டத்தை மாற்றினார்கள். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என்று அறிவித்து, எல்லாப் பகுதிகளுக்கும் எழுதினார்கள்.

அந்த ஒரு குழந்தைக்கு மட்டும் ஒரு மூட்டை கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது அழுததற்குக் காரணம் ஒரு விதி. பக்கத்தில் போய்க் கேட்டதால்தான் அந்த விதியின் குறை தெரிந்தது.

நல்ல காரியம் எங்கிருந்தாலும் அதிலிருந்து பாடம் பெறலாம். நபி (ஸல்) அவர்கள் இளமையில் மக்காவாசிகளோடு சேர்ந்து, அநீதி இழைக்கப்பட்டவருக்காகச் செய்த ஹில்ஃபுல் ஃபுளூல் ஒப்பந்தத்தைப் பின்னாளிலும் மெச்சிப் பேசினார்கள். அந்த நோக்கில் இன்றைய காலத்து உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன்.

அமெரிக்கா செல்வ நாடு. அங்கேயும் 2023-ல் 4 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர், போதிய உணவு உறுதியில்லாத குடும்பங்களில் வாழ்ந்ததாக அந்நாட்டு விவசாயத் துறையே கணக்குச் சொல்கிறது. அந்நாட்டு நாடாளுமன்றத்தில் பசியைப் பற்றி ஆராயும் குழு ஒன்று இருந்தது. 1993-ல் அது கலைக்கப்பட்டது. அதைக் கண்டித்து டோனி ஹால் என்ற உறுப்பினர் 22 நாட்கள் தண்ணீர் மட்டும் அருந்தி உண்ணாவிரதம் இருந்தார். பிறகு அவரும், எதிர்க்கட்சியைச் சேர்ந்த பில் எமர்சனும் சேர்ந்து பசி ஒழிப்புக்கென ஒரு மையத்தை உருவாக்கினார்கள். எமர்சன் 1996-ல் இறந்தார். நல்லெண்ணத்தோடு உணவை தானம் செய்பவர் வழக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற சட்டம் அதே ஆண்டு அவர் பெயரால் வந்தது.

அந்த மையம் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. காலத்தின் முதல் பாதியை அவர்கள் ஏதாவது ஓர் ஊரில், அந்த மக்களோடு வேலை செய்யும் அமைப்பில் கழிக்கிறார்கள். மறுபாதியில் வாஷிங்டனுக்குப் போய், சட்டமும் திட்டமும் உருவாகும் இடத்தில் பணியாற்றுகிறார்கள். முதலில் மக்கள் வாசல், பிறகு அதிகார வாசல். இந்த வரிசையைக் கவனியுங்கள்.

சகோதரர்களே! இப்போது நம் பக்கம் திரும்புவோம். இதை என் குறையாகவே சொல்கிறேன். நம் ஜமாஅத்தில் ரமளானில் அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்ட பையை ஏழை வீடுகளுக்குக் கொடுக்கிறோம். ஒரு சகோதரியின் பெயர் நான்கு வருடமாக அந்தப் பட்டியலில் இருந்தது. நான்கு முறையும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். மற்ற பதினொரு மாதம் அவர் என்ன சாப்பிடுகிறார் என்று நான் கேட்டதில்லை.

சென்ற வருடம் பை கொண்டுபோன கல்லூரி மாணவர் ஒருவர், திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். கணவர் இறந்ததும் அந்தச் சகோதரி தாய் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் பெயரும் இரண்டு பிள்ளைகளின் பெயரும் இன்னும் மாமியார் வீட்டு ரேஷன் கார்டிலேயே இருந்தன. பெயரை நீக்கினால்தான் இங்கே சேர்க்க முடியும். யாரிடம் போவது, என்ன தாள் வேண்டும் என்று தெரியவில்லை, கேட்கக் கூச்சம். அந்தத் தம்பி அவரது தாயாரையும் அழைத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்கும் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கும் மூன்று முறை நடந்தார். இன்று அந்த வீட்டுக்கு மாதா மாதம் அரிசி வருகிறது.

நான்கு வருடம் நான் கொடுத்த பைகளைவிட, அந்தத் தம்பி திண்ணையில் கேட்ட ஒரு கேள்வி அந்தக் குடும்பத்துக்கு அதிகம் உதவியது.

இளைஞர்களே! பை கொடுப்பதை நிறுத்த வேண்டாம். கொடுக்கும்போது படம் எடுப்பதை நிறுத்துங்கள். உட்கார்ந்து கேளுங்கள். கைரேகை பதியாமல் ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்பும் முதியவர் உங்கள் தெருவில் உண்டா? முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் தெரியாத பாட்டி உண்டா? அவர் நம் ஜமாஅத்தாக இருக்க வேண்டும் என்பதில்லை. அண்டை வீட்டாரின் உரிமைக்கு மதம் தடையில்லை. பெரியவர்களே! இந்தப் பிள்ளைகளுக்கு போக்குவரத்துச் செலவையாவது கொடுங்கள். அதுவும் தூண்டுதல்தான்.

யா அல்லாஹ்! பசித்தவரின் வாசலில் அமர்ந்து கேட்கும் பொறுமையை எங்களுக்குத் தா. கேட்டதை உரிய இடத்தில் எடுத்துச் சொல்லும் துணிவைத் தா. தூண்டாமல் இருந்த எங்கள் நாட்களை மன்னித்தருள்வாயாக! ஆமீன்.