யார் வாசித்துச் சொல்வது?

1948இல் தூய மரியன்னை கல்லூரி தொடங்கியபோது, தூத்துக்குடிப் பெண்களுக்குக் கல்லூரி ஊருக்குள்ளேயே வந்தது. இன்று எந்தக் கல்லூரிக்கும் முதல் வாசல் அதன் இணையதளம்தான். சேர்க்கை அறிவிப்பை வெறும் படமாக ஏற்றினால், திரைவாசிப்பான் அங்கே ஊமையாகிவிடும். பார்வையற்ற மாணவி அண்ணனைத்தான் வாசிக்கச் சொல்ல வேண்டும். விடுதி பற்றிய வரியை அவர் விட்டுவிட்டால், அவளுடைய முடிவை அவரே எடுத்துவிடுகிறார்.

‘உதவத்தான் வீட்டில் ஆள் இருக்கிறதே’ என்பார்கள். பல வீடுகளில் பெண்ணுக்கு உதவியும் காவலும் ஒரே கையில்தான் இருக்கின்றன.

அமில வீச்சிலிருந்து மீண்ட பிரக்யா பிரசூனால், வங்கியின் இணையவழிச் சரிபார்ப்பு கேட்டபடி கண் சிமிட்ட முடியவில்லை. அவர் தொடுத்த வழக்கில், இணையச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அறிவிப்பை எழுத்தாக ஏற்றுவது கருணையல்ல, கடமை. தானே வாசித்துத் தானே முடிவெடுப்பது அவள் உரிமை.