விருந்தாளியின் விலக்கு

நேபாளத்தின் லம்ஜுங் மாவட்டத்தில், ஒரு மலைக்கிராமத்துப் பள்ளியில் நான்கு மாதம் சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். தங்கியது ஒரு சேத்ரி குடும்பத்தில். ஆமா, அவருடைய மருமகள், ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. மகனுக்குக் கத்தாரில் கட்டட வேலை. மருமகளை 'பாவுஜு' என்று கூப்பிட்டேன். அண்ணி என்று அர்த்தம்.

முதல் மாதம் எனக்குத் தீட்டு வந்தபோது யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல அடுப்பருகே உட்கார்ந்து தால்-பாத் சாப்பிட்டேன். அதை ஒரு சின்னக் கலகம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் பாவுஜுவின் முறை. நான்கு நாள் அவர் அடுப்படிக்குள் வரவில்லை. சோளம் போட்டு வைக்கும் அறையில் படுத்தார். தட்டு திண்ணைக்கு வந்தது. புல் அறுக்கவும் விறகு சுமக்கவும் மட்டும் எந்தத் தடையும் இல்லை. நேபாளியில் இதை 'நச்சுனே' என்கிறார்கள், தொடக்கூடாதது. 'பர சரேகோ' என்றும் சொல்வதுண்டு, தள்ளிப் போனவள். நம் 'தூரம்' அங்கேயும் இருக்கிறது. மேற்கு மலைகளில் பெண்களைக் குடிசைக்கு அனுப்பும் சாவ்படி வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2005இல் தடை செய்தது. 2017இல் வந்த சட்டம் மூன்று மாதச் சிறை அல்லது 3,000 ரூபாய் அபராதம் என்கிறது. திண்ணைக்கு வந்த தட்டுக்காக எந்தப் போலீஸும் மலையேறி வராது.

பள்ளியில் பெண்பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து, மாதவிடாய் அசுத்தமில்லை, எதையும் தொடலாம் என்று பேசினேன். அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது பேத்தி கேட்டாள்: "அப்படியென்றால் பாட்டியிடம் ஏன் மறைத்தீர்கள், மிஸ்?"

பிறருடைய வீட்டில் அவர்கள் வழக்கத்தை மதிக்க வேண்டும் என்று ஒரு பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் மதிக்கவில்லையே, ஏமாற்றத்தானே செய்தேன். எதிர்த்தேன் என்றும் சொல்ல முடியாது. எதிர்ப்பு எதிராளிக்குத் தெரிய வேண்டாமா? பொய் எனக்குத் தப்பிக்கும் வழியாக இருந்தது. பாவுஜுவுக்கு அந்த வழியும் கிடையாது. அவர் நாட்களை ஆமா எண்ணி வைத்திருந்தார்.

அடுத்த முறை ஆமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "போன மாதமே தெரியும், நானீ. நீ விருந்தாளி. எங்கள் குலதெய்வம் உன்னிடம் கணக்குக் கேட்காது. உள்ளே வந்து சாப்பிடு."

என் கலகம் அவர் கொடுத்த சலுகையாக இருந்திருக்கிறது. நினைத்துப் பார்த்தால், திருநெல்வேலியில் என் அம்மா வீட்டுப் பின்கட்டில் எனக்கென்று ஒரு தட்டும் தம்ளரும் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். பதினைந்து வருடம் அதில்தான் சாப்பிட்டேன். அங்கே ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

அந்த மாதம் சலுகை வேண்டாம் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். அது தோழமையா, அந்த வழக்கத்துக்கு நான் போட்ட கையெழுத்தா என்று இன்னும் எனக்குள் வாதம் ஓடுகிறது. பாவுஜுவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை.

"உள்ளே போங்கள்," என்றார். "நாளைக்கு எனக்கும் வந்துவிடும். ஆமாவுக்கு முழங்கால் வலி. நீங்களும் வெளியே உட்கார்ந்தால் சோறு யார் வடிப்பது?"