படத்தில் தெரியாத வலி

என் அண்ணியின் இருதயத்தை நான் பார்த்திருக்கிறேன். உவமைக்காகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சாய மருந்தை விட்டு, ஓடும் படமாக எடுத்தார்கள். இலை உதிர்ந்த மரத்தின் கிளைகளைப் போல இரத்தக் குழாய்கள் திரையில் தோன்றி மறைந்தன. "எங்கேயும் அடைப்பு இல்லை. இருதயத்தில் ஒன்றுமில்லை, சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டர். அண்ணன் அன்று மாலையே அல்வா வாங்கி வந்தார். வீட்டில் சந்தோஷப்படாதவர் அண்ணி ஒருவர்தான்.

"அப்ப இந்த வலி எங்கேருந்து வருது தம்பி?" என்று என்னைக் கேட்டார். மாடிப்படி ஏறினால் நடுமார்பில் கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்குமாம். சில நாள் விடியற்காலையில் சும்மா படுத்திருக்கும்போதே வருமாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் மனசுதான் அண்ணி. வீணாகக் கவலைப்படாதீங்க." பிறர் மனத்துக்குள் புகுந்து பார்ப்பதாகச் சொல்லிக் கதை எழுதிப் பிழைக்கிறவன் பேசுகிற பேச்சா இது! அதன் பிறகு அண்ணி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வலி போய்விட்டது என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

ஒருவர் வலிக்கிறது என்கிறார். கருவி இல்லை என்கிறது. யாரை நம்புவது?

நம்முடைய பழைய தர்க்கத்தில் இதற்கு ஓர் இடம் உண்டு. குமாரில பட்டர் வழிவந்த மீமாம்சகர்களும் அத்வைதிகளும் 'அனுபலப்தி' என்று ஒரு பிரமாணம் சொல்வார்கள். தரையில் குடம் இல்லை என்று எப்படி அறிகிறோம்? காணாமையால் அறிகிறோம். ஆனால் வெறும் காணாமை போதாது. இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலைமை வேண்டும். இருட்டறையில் நின்றுகொண்டு குடத்தைக் காணோம் என்கிறவன், குடம் இல்லை என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. பல நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த எச்சரிக்கையைச் சேர்த்து வைத்தவர்களை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இருதயப் படம் எவ்வளவு வெளிச்சம் தருகிறது? 1958ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் மேசன் சோன்ஸ் என்ற டாக்டர் வேறொரு பரிசோதனை செய்தபோது, சாயம் தற்செயலாக இருதயத்தின் சொந்த இரத்தக் குழாய்க்குள் போய்விட்டது. அந்தத் தவறிலிருந்து பிறந்த முறை இது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது நன்றாகக் காட்டுவது பெரிய குழாய்களைத்தான். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த நுண்குழாய்கள் தசைக்குள்ளே கிடக்கின்றன; அவை படத்தில் பிடிபடுவதில்லை. பெரிய வாய்க்காலில் அடைப்பு இல்லை என்பதனால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துவிட்டது என்று எந்த விவசாயியாவது ஒப்புக்கொள்வானா? இன்னொரு வகையும் உண்டு. பெரிய குழாயே திடீரென்று இறுகிச் சுருங்கி, சிறிது நேரத்தில் விட்டுவிடும். 1959ல் பிரின்ஸ்மெட்டல் என்பவர் இதை விவரித்தார். விட்டுவிட்ட நேரத்தில் படம் எடுத்தால் எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும்.

இந்த நோய்க்குப் பெயர் வைத்த வில்லியம் ஹெபர்டனிடம் 1768ல் ஒரு கருவியும் இல்லை. லண்டன் வைத்தியர்கள் சபையில் அவர் படித்த கட்டுரை முழுவதும் நோயாளிகள் சொல்லக் கேட்டது. காதால் கண்டுபிடித்தார் என்றே சொல்ல வேண்டும். அவருடைய காதுக்கும் எல்லை இருந்ததோ என்னவோ; தாம் பார்த்த ஏறக்குறைய நூறு பேரில் பெண்கள் மூவர்தான் என்று எழுதி வைத்திருக்கிறார். அடைப்பில்லாமல் வரும் இந்த வலியோ பெண்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. 1973ல் ஹார்வி கெம்ப் எழுதிய தலையங்கத்துக்குப் பிறகு இதற்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்ற பெயர் வழங்கத் தொடங்கியது. என் கணக்கு வாத்தியார் தெரியாத எண்ணுக்கு அந்த எழுத்தைத்தான் போடச் சொல்வார். தெரியாது என்று ஒப்புக்கொண்ட அந்தப் பெயர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

டாக்டர் பொய் சொன்னார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அடைப்பு இல்லைதான், அது நல்ல செய்திதான். மார்வலி வயிற்றுப் புளிப்பாலும் வரும், தசைப் பிடிப்பாலும் வரும், மெய்யாகவே பயத்தாலும் வரும். சொன்னதையெல்லாம் நம்பி எல்லாருக்கும் இருதய மருந்து கொடு என்பது என் கட்சியும் அல்ல. நான் கேட்பது, 'அடைப்பு இல்லை' என்பதற்கும் 'ஒன்றுமில்லை' என்பதற்கும் நடுவே இருக்கிற பள்ளத்தை ஏன் இத்தனை சுலபமாகத் தாண்டுகிறோம் என்பதுதான்.

தாண்டாமல் நின்று பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் அடைப்பில்லாத 151 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்தி 2018ல் வெளியிட்டார்கள். குழாய்க்குள் நுண்ணிய கம்பியை விட்டு இரத்த ஓட்டத்தை அளந்தார்கள். அசிட்டைல்கோலின் என்ற மருந்தைச் செலுத்திக் குழாய் இறுகுகிறதா என்று சோதித்தார்கள். 17 பேருக்குத்தான் வலி இருதயத்தைச் சேர்ந்ததல்ல என்று தெரிந்தது. ஒரு சாராருடைய முடிவை மட்டும் டாக்டர்களிடம் சொல்லி, அதற்கேற்ற மருந்து கொடுக்கச் செய்தார்கள். மற்றவர்களின் முடிவை மறைத்து வழக்கமான வைத்தியத்தில் விட்டார்கள். 6 மாதத்தில் முதல் சாராருக்கு வலி குறைந்திருந்தது. வகை தெரிவது முக்கியம். நுண்குழாய்க் கோளாறுக்கு உதவும் பீட்டா தடுப்பு மாத்திரை, குழாய் இறுகுகிற வகையில் சிலருக்குக் கெடுதலே செய்யும்.

அண்ணியை இரண்டு வருஷம் கழித்து வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். படி ஏறும்போது வருவதையும் விடியற்காலையில் வருவதையும் தனித்தனியே எழுதிக்கொண்டார். பிறகு அந்தச் சோதனைகள் நடந்தன. இரண்டு வகையும் இருந்தன. கால்சியம் தடுப்பு மருந்து ஒன்று எழுதித் தந்து, "வலி குறையும், அடியோடு போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன்" என்றார். அப்படியேதான் ஆயிற்று. இன்னமும் சில நாள் மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுகிறார்.

அன்று காரில் திரும்பும்போது அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு இந்த ரெண்டு வருஷமா பயந்துக்கிட்டிருந்தேன் தம்பி" என்றார். யார் அப்படி நினைக்க வைத்தது என்று அவர் சொல்லவில்லை. நான் வீடு வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.